பவளக் கடலில் இரு பயணங்கள்

மும்பையில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். பள்ளி மூடிய மறுநாளே பெட்டி கட்டுகிறோம். ஊரில் திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு என்று நாட்கள் கழிகின்றன. திரும்பி வரும்போது ஊறுகாய்ச் சாடியும் கருப்பட்டிப் பொட்டலமும் உடன் வருகின்றன. முப்பது ஆண்டுகளாக நாங்களும் அவ்வாறே வாழ்ந்து வருகிறோம். அவ்வழக்கத்தினின்று இரு முறை மட்டும் பிறழ்ந்தோம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு முறை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறுமுறை. இரு முறையும் சென்ற இடம் ஒன்றே, அது மாலத்தீவு. ஏழு நாள் படகிலேயே உண்டு, படகிலேயே உறங்கி, நாளுக்கு மூன்று முறை கடலடியில் இறங்கிப் பவளப் பாறைகளைக் கண்டு வந்தோம்.

இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அக்கடலுக்கு நேர்ந்தது என்ன, எங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை நம் சங்கத்து அன்பர்கள் அறிய வேண்டுமென்று எண்ணினோம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் நால்வர்

நாங்கள் ஒரே குடும்பத்தார். எங்களுள் மூத்தவர் அலுவலகப் பணியில் ஓய்வு பெற்றவர். அவர் மனைவியார், மனைவியாரின் தம்பி, மகள் ஆகியோர் ஏனைய மூவர். சொந்த ஊர் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள கடற்கரைச் சிற்றூர். முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் எங்கள் ஊர்ப் பெரியோர் வாயில் நாள்தோறும் புழங்கிய சொற்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கல்லைப் பற்றியவாறு, ஒரே மூச்சில் அடிக்கு இறங்கிய மக்கள் அவர்கள். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாகவே இருப்பான் என்று ஊரில் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அவன் கையில் இருக்கும் கயிற்றில் தொங்குகிறது. ஆகவே அவன் கண்ணயரமாட்டான் என்பது அதன் உட்பொருள்.

கடலடியில் இறங்க வேண்டுமென்ற ஆசையை முதலில் எழுப்பியவள் எங்கள் மகள். கல்லூரி நாட்களில் நண்பர்களுடன் கருநாடகக் கரையிலுள்ள முருடேசுவரத்துக்குச் சென்று, அங்கிருந்து நேத்ராணித் தீவில் ஸ்கூபாப் பயிற்சி பெற்று வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. ஓராண்டு கழிந்து நாங்கள் மூவரும் அவள் பின்னே சென்று பயிற்சி பெற்றோம். ஐம்பதைக் கடந்த வயதில் நீச்சல் குளத்தில் முகமூடிக்குள் நீர் புகுந்து திணறிய நாட்களை இப்போது நினைத்தாலும் நகைப்பு வருகிறது. அண்டை வீட்டார் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கமும் ஐயமும் கலந்திருந்தன.

பயிற்சியில் கற்பிக்கப்படுவன சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் உயிருக்கு நேரானது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு அழுத்தம் உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் உருளையிலிருந்து நான்கு மடங்கு காற்று செலவாகிறது. மேலேறும்போது ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. அடக்கினால் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும். ஆழத்தில் இருக்கும் நேரம் முழுவதும் நைட்ரசன் உடலில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் பொங்குவதுபோல் அது குருதியில் குமிழியாகும். எனவே மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் காத்திருந்தே வெளிவர வேண்டும். பிராணவாயு என்று பலர் தவறாகக் கருதுவதுபோல் உருளையில் தனிப் பிராணவாயு இருப்பதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றே அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943இல் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இன்றைய கருவி.

மற்றொரு விதி, தனியே இறங்கலாகாது என்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. துணைவரின் காற்று தீர்ந்தால் தம் காற்றைப் பகிர ஒவ்வொருவரும் இரண்டாவது வாய்க்குழல் ஒன்றை வைத்திருப்பர். எங்களுள் தாயும் மகளும் ஓர் இணை. அத்தானும் மைத்துனரும் மற்றோர் இணை. ஊர் வழக்கத்தை அறியாமலே நாங்கள் அதனைப் பின்பற்றினோம்.

அண்டை நாடு

மும்பையிலிருந்து வானூர்தியில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் மாலே நகரை அடையலாம். இந்தியர்க்கு நுழைவு அனுமதி அங்கு இறங்கியவுடன் இலவசமாகவே வழங்கப்படுகிறது. வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, நிலநடுக்கோட்டையும் கடந்து செல்லும் இந்நாட்டில் தீவுகள் ஏறத்தாழ 1,200. மக்கள் ஊராக வாழ்வன 200க்கும் குறைவு. எல்லாத் தீவுகளும் பவளம் கட்டியவை. ஐந்தில் நான்கு பங்கு நிலம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டாதது. தீவுகள் மாலை கோத்தாற்போல் வட்டம் வட்டமாக அமைந்துள்ளன. அவ்வட்டத்தை அந்நாட்டார் 'அத்தொளு' என்பர். உலகமெங்கும் நூல்களில் வழங்கும் 'அட்டால்' என்னும் சொல் அவர்கள் மொழியினின்று பிறந்ததே. 1834 முதல் 1836 வரை மோரெஸ்பி என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி இத்தீவுகளை அளந்து படம் வரைந்தார். அப்படங்களின் துணைகொண்டும் தாம் வேறிடங்களில் நேரில் கண்டவற்றைக் கொண்டும், பவளத் தீவுகள் எங்ஙனம் தோன்றின என்று டார்வின் 1842இல் நூல் எழுதினார்.

நமக்கும் இத்தீவுகளுக்கும் உறவு பழமையானது. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளில் கூறப்படும் பழந்தீவுகள் இவையே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வங்காளத்தில் காசாகப் புழங்கிய சோழி இக்கடலில் எடுக்கப்பட்டதே. எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேக்குச் செல்கின்றன. அங்கும் படகுக்குப் பெயர் 'தோனி' என்பதே. எங்கள் சமையலறையில் மணக்கும் மாசிக் கருவாடு அத்தீவுகளின் சூரை மீன். முதல் நாள் காலையில் படகில் எங்களுக்கு இட்ட உணவு, மாசியைத் தேங்காய்த் துருவலோடும் வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடும் பிசைந்தது; உடன் மெல்லிய ரொட்டி. எங்களுள் மூத்தவரின் மனைவியார் ஒரு வாய் உண்டதும், "இது நம்ம ஆச்சி கைப் பக்குவம்" என்றார். வேற்று நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் அக்கணமே அகன்றது.

படகு வாழ்க்கை

இத்தகைய பயணத்துக்கு அங்கு 'சஃபாரி' என்று பெயர். தங்கும் படகு மூன்று அடுக்குடையது. பத்துப் பன்னிரண்டு அறைகள், உணவுக் கூடம், மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள். அதனோடு ஒரு தோனி எப்போதும் உடன் வரும். காற்றடைக்கும் எந்திரம், உருளைகள், உடைகள் யாவும் தோனியிலேயே இருக்கும். பெரிய படகு அமைதியான காயலில் நங்கூரமிட்டு நிற்க, நாங்கள் தோனியில் ஏறிக் குதிக்குமிடம் செல்வோம்.

இப்படிப் படகில் தங்கிச் செல்வதன் பயன் யாதெனில், கரையிலிருந்து சென்று திரும்ப இயலாத தொலைவிலுள்ள பாறைகளையும் காணலாம் என்பதே. இரவில் படகு ஓடுகிறது. விடிந்தால் புதிய கடல். காலை ஐந்தரைக்கு மணி ஒலிக்கும். தேநீர் அருந்தியவாறே வழிகாட்டி பலகையில் பாறையின் படத்தை வரைந்து, நீரோட்டம் எத்திசை, எவ்வளவு ஆழம், எங்கே கூடுவது என்று விளக்குவார். முதல் முக்குளிப்பு முடிந்து காலையுணவு; இரண்டாவது முடிந்து மதிய உணவு; மூன்றாவது முடிந்து மாலைச் சிற்றுண்டி. இரவு ஒன்பதுக்கெல்லாம் படகு முழுவதும் உறங்கிவிடும். மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்காக இறங்குவோர் 30 மீட்டருக்குக் கீழே செல்லலாகாது. எங்கள் வழிகாட்டி இதில் சிறிதும் நெகிழ்ந்ததில்லை.

2016இல் கண்டது

ஃபெலிது, ஆரி ஆகிய இரு வட்டங்களில் அப்பயணம் நடந்தது. வட்டத்தின் நடுவே கடலடியிலிருந்து எழும் குன்றுகள் உண்டு. உச்சி சில மீட்டர் ஆழத்தில் நிற்பதைத் 'திலா' என்றும், நீர்மட்டத்தை ஏறத்தாழத் தொடுவதைக் 'கிரி' என்றும் அழைக்கின்றனர். வட ஆரியிலுள்ள மாயா திலா 1995 முதல் பாதுகாக்கப்பட்டு வருவது. அதனை ஒரு முறை சுற்றி வந்தபோது கண்ட மீன்களை எண்ண முற்பட்டுத் தோற்றோம். மஞ்சள் கோடிட்ட மீன்கள் சுவர்போல் அசையாது நின்றன. நெப்போலியன் மீன் ஒன்று, மனிதன் அளவினது, எங்களை ஒரு கண்ணால் நோக்கியவாறே கடந்து சென்றது.

ஆழத்தில் நிறங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. முதலில் மறைவது சிவப்பு. மகளின் சிவப்புக் கையுறை 10 மீட்டருக்குக் கீழே சாம்பல் நிறமாயிற்று. விளக்கொளி பட்டதும் மீண்டும் சிவந்தது. அவ்விளக்கைப் பாறையின் குகைவாயில் திருப்பியபோது, நீலமென்று எண்ணியதெல்லாம் செம்மையும் மஞ்சளும் ஊதாவுமாக விளங்கின.

தென் ஆரியின் வெளிப்புறப் பாறையருகே திமிங்கலச் சுறாவைக் கண்டோம். மீன்களுள் மிகப் பெரியது அதுவே. நாங்கள் கண்டது ஆறு மீட்டர் நீளமிருக்கும். வாயைத் திறந்து நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும் சாதுவான பிராணி. அதன் உடலிலுள்ள புள்ளிகளின் அமைப்பு நம் கைரேகைபோல் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், படமெடுத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கின்றனர். இந்நாடு 2010இல் சுறா பிடிப்பதை முற்றிலும் தடை செய்தது. பிடித்து விற்பதினும் உயிரோடு விட்டுப் பிறர்க்குக் காட்டுவது ஊதியம் தரும் என்று அவர்கள் கண்டுகொண்டனர்.

எனினும் அப்பயணத்தில் எங்கள் நெஞ்சில் நிலைத்தது பெருமீன் அன்று. ஆரியில் ஒரு சிறு கிரியின் உச்சியில், இடுப்பளவுக்குச் சற்று மிகுந்த நீரில், மேசைபோல் விரிந்த பவளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுகளாய் அடுக்கி நின்றன. மான்கொம்பு போன்ற கிளைகளின் நுனி நீலமும் இளஞ்சிவப்புமாக இருந்தது. கிளைகளிடையே பச்சைச் சிறுமீன்கள், நாங்கள் நெருங்கினால் உள்ளே ஒடுங்குவதும் விலகினால் வெளியே பரவுவதுமாக இருந்தன. அங்கே எங்கள் நால்வரின் நிழலும் பவளத்தின்மேல் விழ, மகள் ஒரு படம் எடுத்தாள். அப்படம் இன்றும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

கடல்வாயில் நேர்ந்த பிழை

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. ஃபெலிது வட்டத்தின் கிழக்கில், வெளிக்கடல் நீர் உட்புகும் வாய்கள் உண்டு. பனிக்கால மாதங்களில் நீரோட்டம் கிழக்கிலிருந்து அவ்வாய் வழியே உள்ளே பாய்கிறது. அவ்வோட்டத்தை எதிர்த்து நிற்கவே சாம்பல் நிறச் சுறாக்கள் கூடுகின்றன. பாறை விளிம்பில் உயிரற்ற கல்லைப் பற்றிக்கொண்டு 28 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் பார்த்து நின்றோம். இருபதுக்குக் குறையாத சுறாக்கள் சிறகசைக்காத பருந்துகள்போல் எதிரே நின்றன.

அக்காட்சியில் எங்களுள் மூத்தவர் தம்மை மறந்தார். காற்றளவைக் காட்டும் முள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது பாடம், அவர் பார்க்கவில்லை. பார்த்தபோது முள் செந்நிறப் பகுதியில் இருந்தது. வழிகாட்டியும் ஏனையோரும் அப்போதுதான் விளிம்பை விட்டு நகர்ந்திருந்தனர். மூத்தவர் கழுத்தின் குறுக்கே கையை அசைத்துக் காற்று தீர்கிறது என்று சைகை காட்டினார். மைத்துனர் அவர் தோள்வாரைப் பற்றித் தம் இரண்டாவது வாய்க்குழலை அவர் வாயில் வைத்தார். இருவரும் ஓருருளையில் மூச்சு விட்டபடி, ஓட்டம் இழுத்த வழியே சென்று, மெல்ல ஏறினர். 5 மீட்டரில் நின்று மூன்று நிமிடம் காத்திருந்தனர். கீழே நீலம், மேலே வெள்ளி, பக்கத்தில் ஒருவருமில்லை. அம்மூன்று நிமிடமும் மைத்துனரின் கை அவர் தோளை விட்டு நீங்கவில்லை.

மேலே வந்தபோது தோனி தொலைவில் வேறு பக்கம் நோக்கி நின்றது. மைத்துனர் ஆள் உயரச் செம்மஞ்சள் மிதவைக் குழலை ஊதி நிமிர்த்திப் பிடித்தார். "பயப்படாதீங்க அத்தான், அக்கா பார்த்துக்கிட்டுத்தான் இருப்பா" என்றார். அவ்வாறே நடந்தது. முதலில் தோனியேறிய மனைவியார், எண்ணிக்கையில் இருவர் குறைவதைக் கண்டு, உடையைக்கூடக் களையாமல் தோனியின் கூரைமேல் நின்று அலைகளைத் துழாவிக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் அவர் கண்ணுக்கே மிதவை முதலில் தென்பட்டது. ஏறியதும் அவர் தம் கணவரிடம் ஒன்றும் பேசவில்லை. தம்பியின் தலையைத் துண்டால் துவட்டிவிட்டார், அவ்வளவே. அன்று மாலை நாங்கள் எவரும் நீரில் இறங்கவில்லை.

பிழை வழிகாட்டியுடையதன்று, கடலுடையதன்று, எங்களுடையதே. இதை எழுதச் சொன்னவரும் எங்களுள் மூத்தவரே.

பவளம் வெளுத்த கதை

நாங்கள் திரும்பி இரண்டு மாதமாயிற்று. 2016 ஏப்ரல், மே மாதங்களில் அக்கடல் அளவுக்கு மீறி வெப்பமடைந்தது. ஆய்வாளர் பார்வையிட்ட பாறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பவளம் வெளுத்துவிட்டது என்றும், சில இடங்களில் 90 விழுக்காடு என்றும் செய்தி வந்தது.

பவளம் என்பது கல்லன்று, செடியன்று, விலங்கு. கடுகளவு, மிளகளவுள்ள உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சுண்ணாம்பைச் சுரந்து தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசி ஒன்று குடியிருக்கிறது. அது வெயிலை உண்டு உணவாக்கிப் பவள உயிருக்குப் பெரும்பங்கை அளிக்கிறது. பவளம் அதற்கு இடமும் காவலும் அளிக்கிறது. நிறமும் அப்பாசியால் வருவதே. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால் இக்கூட்டுக் குடித்தனம் கலைகிறது. பாசி வெளியேறுகிறது, பவளத்தின் வெள்ளெலும்பு தெரிகிறது. அப்போதும் அது இறந்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும்; இல்லையேல் மடியும்.

1998இலும் இவ்வாறே நிகழ்ந்து, மாலத்தீவின் ஆழமற்ற பகுதிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட பவளம் அழிந்தது. அது தேறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. நாங்கள் 2016 பிப்ரவரியில் கண்டது அங்ஙனம் தேறிய கடலையே. பின் 2016இல் அழிவு. மீண்டும் 2024இல் வெப்பம். முதலிரண்டுக்கும் இடையே 18 ஆண்டுகள். அடுத்ததற்கு 8 ஆண்டுகளே. நோயாளி எழுந்து நடக்குமுன் மறுபடியும் காய்ச்சல் வருவது போன்றது இது.

இதில் நாம் குற்றமற்றவரல்லர். எங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரில் பவளக் கல் இருக்கிறது. சுண்ணாம்புக் காளவாயில் எரிந்ததும் மன்னார் வளைகுடாப் பவளமே. அவ்வளைகுடாவின் 21 தீவுகளுள் 2 இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. அவற்றைச் சூழ்ந்த பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கொரு காரணம். பவளம் அலையைத் தடுக்கும் சுவர். தீவுக்கு மணலை அளிப்பதும் அதுவே. மாலத்தீவில் ஒரு தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள், புதிதாய்ச் சேரும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் பவளப் பாறையைக் கொரித்துக் கழித்தது என்று 2015இல் கண்டறிந்தனர். நாம் வெறுங்காலோடு நடக்கும் வெண்மணல் மீனின் கழிவு என்று அறிந்தபோது நகைத்தோம். பவளமும் மீனும் போனால் தீவும் போகும் என்று அறிந்தபோது நகைப்பு நின்றது.

இரண்டாம் பயணம்

2025இல் மீண்டும் செல்வதென்று முடிவு செய்தபோது எங்கள் நிலை மாறியிருந்தது. மூத்தவருக்கு 2022இல் இதயக் குழாயில் அடைப்பு நீக்கிச் சிறு குழல் பொருத்தியிருந்தனர். உருளை கட்டி இறங்க வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். மகளுக்குத் திருமணமாகி மூன்று வயதில் ஒரு மகன். அவனை மருமகன் பார்த்துக்கொண்டார். "நான் எதற்கு? நீங்கள் மூவரும் போய் வாருங்கள்" என்றார் மூத்தவர். "கயிறு பிடிக்க ஆள் வேண்டாமா அத்தான்?" என்றார் மைத்துனர். அதன்பின் அவர் மறுக்கவில்லை.

ஆழத்தில் இறங்கிய மூவரும் பெரிய மாற்றத்தைக் காணவில்லை. 20 மீட்டருக்குக் கீழே மென்பவளங்கள் அப்படியே தொங்கின. சுறாக்கள் அப்படியே நின்றன. கொம்புத் திருக்கை ஒன்று, நாங்கள் ஐவர் கைகோத்தாலும் எட்டாத அகலம் என்று தோன்றுமாறு, தலைக்கு மேல் கடந்து சென்றது. மேலே வந்து, "கடல் தேறிவிட்டது" என்று மகிழ்ந்து கூறினோம். மூத்தவர் ஒன்றும் கூறவில்லை. அவர் முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும் அணிந்து மேல்மட்டத்திலேயே நீந்தி வந்தவர். வெப்பம் மிகுதியாகத் தாக்கும் இடம் அதுவே என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

அப்படகின் சமையற்காரர் எங்கள் கரையினர். ஊரிலுள்ள மனைவி மக்களுக்குப் பணம் அனுப்பி வாழ்பவர். எங்கள் பேச்சைக் கேட்ட முதல் நாளே உறவு கொண்டாடினார். அடுப்படியில் துணையாய் அமர்ந்திருந்த மூத்தவரிடம் ஒரு நாள், "எட்டு வருஷமாச்சு அண்ணாச்சி. இந்தத் தண்ணிக்கு மேலேயேதான் கிடக்கேன். அடியிலே என்ன இருக்குன்னு ஒரு நாளும் பார்த்ததில்லே" என்றார். பிறர் கண்டு மகிழச் சோறு பொங்கிப் போடும் அவர்க்குப் பார்க்க நேரம் வாய்த்ததில்லை. இது கேட்டு மூத்தவர் வருந்தினார். நம்மவருள் எத்தனை பேர் தாம் உழைக்கும் நகரின் அழகை இவ்வாறு காணாமலே ஓய்வு பெறுகிறோம்!

ஐந்தாம் நாள் பிற்பகல் படகு அச்சிறு கிரியின் அருகே நின்றது. மதியச் சமையல் முடிந்திருந்தது. படகுத் தலைவர் இசைந்தார். நாங்கள் மூவரும் உருளை கட்டி ஒரு பக்கம் இறங்க, மூத்தவரும் சமையற்காரரும் முகமூடி அணிந்து மறுபக்கம் கிரியின் உச்சிக்கு நீந்தினர்.

நாங்கள் மேலே வந்தபோது அவ்விருவரும் உச்சியின் மேல் அசையாது மிதந்துகொண்டிருந்தனர். அருகே சென்று குனிந்து பார்த்தோம். சுவரில் மாட்டிய படத்திலுள்ள படிக்கட்டுகள் இல்லை. மேசைப் பவளங்கள் சில சாம்பல் நிறமாய் நின்றன. பல சரிந்து கிடந்தன. மான்கொம்புக் கிளைகள் ஒடிந்து, காளவாய்க்குக் குவித்ததுபோல் சல்லியாய்க் கிடந்தன. எங்கள் நிழல் நான்கும் அச்சல்லியின்மேல் விழுந்தன. மகள் படமெடுக்கக் கருவியை உயர்த்திப் பின் தாழ்த்திவிட்டாள்.

அப்போது சமையற்காரர் எங்களை அழைத்து விரலால் சுட்டினார். இறந்த மேசையொன்றின் விளிம்பில், உள்ளங்கையளவில், இளம்பழுப்பு நிறத்தில் புதுப் பவளம் அரும்பியிருந்தது. அதன் நுனி ஊதா. பக்கத்தில் மற்றொன்று, அப்பால் நாணய அளவில் இரண்டு. 2024இன் வெப்பத்தையும் தாங்கி நின்றவை அவை. சுற்றிலும் கிளிமீன்கள் பாசியை மேய்ந்து, புதுப் பவளம் ஊன்றக் கல்லைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தன. ஒரு கட்டில் அளவு இடத்தில் 14 எண்ணியதாக மூத்தவர் கூறினார். ஆழத்துக்குச் சென்ற நாங்கள் அழிவையும் காணவில்லை, துளிர்ப்பையும் காணவில்லை. மேலே நின்றவர் இரண்டையும் கண்டார். மகள் அப்பதினான்கையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள்.

அன்றிரவு சமையற்காரர் எங்களுக்கென்று மாசிச் சம்பல் அரைத்தார். "ஊருக்குப் போனா பிள்ளைகளுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு கிடைச்சுது, அக்கா" என்றார்.

செல்ல விரும்புவோர்க்கு

இப்பயணம் சிக்கனமானதன்று, பல ஆண்டு சேமிப்பில் இயன்றது. ஆனால் கடலடியைக் காண அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டியதில்லை. அந்தமானின் சுவராஜ் தீவு, இலட்சத்தீவு, நேத்ராணி ஆகிய இடங்களில் தொடக்கப் பயிற்சி பெறலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் முதல் கற்கலாம். இதயநோய், ஆஸ்துமா, காது நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். மருத்துவப் படிவத்தில் ஒன்றையும் மறைக்கலாகாது. படகுப் பயணத்துக்குச் செல்லுமுன் பயிற்சியின் இரண்டாம் படியையும் முடித்து, சில பத்து முறையேனும் இறங்கிப் பழகியிருத்தல் நன்று. நீரோட்டம் புதியவர்க்கு ஏற்றதன்று. முக்குளிப்புக்கென்று உள்ள காப்பீடு இன்றியமையாதது. கடைசி முறை நீரிலிருந்து ஏறியபின் 18 மணி நேரமேனும் வானூர்தியில் ஏறலாகாது. பவளத்தைத் தொடவோ, அதன்மேல் நிற்கவோ, ஒடித்து வரவோ கூடாது. வெயிலுக்குக் களிம்பு பூசுவதினும் முழுக்கைச் சட்டை அணிவது கடலுக்கும் நல்லது, செலவும் குறைவு.

எங்கள் பேரனுக்குப் பத்து வயது 2032இல் நிரம்பும். அவ்வாண்டு அவனை அக்கிரிக்கு அழைத்துச் செல்வதென்று தாத்தா வாக்களித்திருக்கிறார். உள்ளங்கையளவுப் பவளம் அதற்குள் முறம்போல் விரிந்திருக்கலாம். இடையில் மற்றொரு வெப்பம் வந்து அதனையும் கொண்டுபோகலாம். அது மாலத்தீவார் கையில் மட்டும் இல்லை. உலகெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் அனைவர் கையிலும், நம் கையிலும் இருக்கிறது. கூடத்துச் சுவரில் பழைய படத்தின் கீழே அப்பதினான்கு சிறு படங்களையும் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வரும் அன்பர்கள் பெரிய படத்தையே முதலில் பார்க்கின்றனர். பேரன் மட்டும் சிறு படங்களின் அருகே நின்று, ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுகிறான்.